மூன்றும் அதே நாள்

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில்.

அங்கிள் வேண்டாம். இந்தக் கோலாலம்பூரில் டாக்சிக்காரனும் அங்கிள், மீன்காரனும் அங்கிள். என் பெயர் வைத்திலிங்கம். மிஸ்டர் வைத்திலிங்கம் என்றால் போதும். நீங்கள் மிஸ் ஷர்மளா, வக்கீல் ஆபீசிலிருந்து வருகிறீர்கள். போனில் சொன்னீர்கள். ஒருமுறை சொன்னால் எனக்கு நினைவிருக்கும். அதுதான் என் தொழில்.

பேப்பரை மேசைமேல் வையுங்கள். பிறகு படிக்கிறேன். அப்பீலுக்கு இன்றைக்கு முப்பதாவது நாள், கடைசி நாள், நாலு மணிக்குக் கவுன்டரை மூடுவார்கள், தெரியும். இப்போது ஒன்றரை. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை.

முதலில் ஒன்று. நான் கடைசியாக வேலை பார்த்த அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். உள்ளே நடந்ததை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆகவே உங்களிடம் எதுவும் சொல்வதற்கில்லை. இதையும் போனிலேயே சொன்னேன். நீங்கள்தான் பஸ் ஏறி வந்துவிட்டீர்கள்.

வந்தது வந்துவிட்டீர்கள். என் வேலையைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன். நீங்கள் கேட்டு வந்திருக்கிற அந்தப் பெண்ணைப் பற்றி இல்லை.

கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம். மொழிபெயர்ப்பாளர். தமிழ், மலாய், இங்கிலீஷ். எனக்கு ஒரே கொள்கை. சொன்னதைச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. குழாய் மாதிரி. இந்தப் பக்கம் என்ன தண்ணீர் வருகிறதோ அதே தண்ணீர் அந்தப் பக்கம் போக வேண்டும். ஒரு தடவை ஒரு லாரிக்காரன் மாஜிஸ்திரேட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். தாயைச் சேர்த்து. நான் அப்படியே மலாயில் சொன்னேன். தாயையும் விடவில்லை. மூன்று நாள் கூடுதலாக உள்ளே போனான். சாயங்காலம் அவன் தம்பி படிக்கட்டில் நின்றுகொண்டு, "ஏன் சார், கொஞ்சம் மழுப்பிச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான். "உன் அண்ணன் மழுப்பவில்லையே" என்றேன்.

சிரிக்காதீர்கள். அது சிரிப்பு இல்லை, கொள்கை.

ரிட்டையர் ஆனேன். மனைவி போய்விட்டாள். வீட்டில் தொலைக்காட்சியோடு எவ்வளவு நேரம் சண்டை போடுவது? அந்த அலுவலகத்தில் ஆள் கேட்டார்கள், போனேன். இலங்கைத் தமிழர்கள் வருவார்கள், அவர்களுக்கு மொழிபெயர்க்க வேண்டும். இரண்டு வருஷக் கான்டிராக்ட். போன மாதத்தோடு முடிந்தது.

உங்களுக்குத் தெரிந்த சட்டம்தான், இருந்தாலும் சொல்கிறேன். ஐம்பத்தொன்றில் ஜெனீவாவில் ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். சொந்த நாட்டில் உயிருக்குப் பயம், பயத்துக்குத் தக்க காரணம் உண்டு என்றால் அவன் அகதி. அவனைத் திருப்பி அனுப்பக் கூடாது. நல்ல ஒப்பந்தம். இந்த நாடு அதில் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே இங்கே சட்டப்படி அகதி என்று ஒருவரும் கிடையாது. பெர்மிட் இல்லாதவன் என்று மட்டும்தான் உண்டு. அவனுக்கு என்ன தண்டனை என்பதைக் கோர்ட்டில் நானே எத்தனையோ பேருக்குத் தமிழில் சொல்லியிருக்கிறேன். பிரம்படி உட்பட.

ஆனால் அந்த அலுவலகம் விசாரித்து ஒரு கார்டு கொடுக்கும். கார்டு சட்டம் இல்லை. இருந்தாலும் ரோட்டில் போலீஸ் நிறுத்தினால் கார்டைப் பார்த்துவிட்டு விடுவார்கள். பெரும்பாலும். ஆஸ்பத்திரியில் பாதிக் கட்டணம். இல்லாத ஆளுக்கு ஒரு கார்டு. அதற்காகச் சிலர் மூன்று வருஷம், நாலு வருஷம்கூட இந்த ஊரில் தட்டுக் கழுவிக்கொண்டு காத்திருப்பார்கள்.

அந்தப் பெண்ணும் தட்டுதான் கழுவினாள். செந்தூலில், வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில்.

சரி, அந்தப் பெண்ணைப் பற்றி இல்லை என்றேன். நீங்கள் அப்படிப் பார்த்தால் வேறு எதைப் பற்றிப் பேசுவது?

பெயர் யோகராணி. முல்லைத்தீவுப் பக்கம். எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. விசாரணை போன அக்டோபரில். அறையில் ஒரு மேசை, தண்ணீர்ப் போத்தல், கண் துடைக்கிற டிஷ்யூப் பெட்டி. அதிகாரி வெளிநாட்டுக்காரி. மிஸ் ஈவா என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டவள் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வரும்வரை காத்திருப்பாள். கோர்ட்டில் அந்தப் பொறுமையை நான் பார்த்ததில்லை.

அங்கே ஒரு விதி உண்டு. "அவள் சொல்கிறாள்" என்று மொழிபெயர்க்கக் கூடாது. "நான்" என்றே சொல்ல வேண்டும். அவள் "நான்" என்றால் நானும் "நான்." ஆகவே அன்றைக்கு நாற்பது நிமிஷம் நான்தான் சொன்னேன். என் புருஷனை விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் குளக்கட்டில் கிடந்தார். முகத்தைப் பார்த்து அடையாளம் தெரியவில்லை. நான் தைத்துப் போட்ட பொத்தானை வைத்துத்தான் சட்டையைக் கண்டுபிடித்தேன். நீலச் சட்டையில் வெள்ளைப் பொத்தான். குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் வழக்கம்போல் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகுதான் தேதி.

மிஸ் ஈவா கேட்டாள், "உங்கள் கணவர் இறந்தது எந்தத் தேதி?"

"ஆகஸ்ட் பத்தொன்பது."

மிஸ் ஈவா பைலைப் புரட்டினாள். "ஜனவரியில் பதிவு செய்தபோது ஆகஸ்ட் முப்பது என்று சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த மரணச் சான்றிதழில் செப்டம்பர் ஒன்பது என்று இருக்கிறது. வருஷம் மூன்றிலும் ஒன்றுதான். இதில் எது உண்மை?"

நான் தமிழில் சொன்னேன். அவளுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. பிறகு முகம் தெளிந்தது. இவ்வளவுதானா என்கிற மாதிரி.

"மூண்டும் அதே நாள்தான்" என்றாள்.

நான் இங்கிலீஷில் சொன்னேன். "மூன்றும் அதே நாள்தான்." கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மிஸ் ஈவா பேனாவைக் கீழே வைத்தாள். "மூன்று வெவ்வேறு தேதிகள் எப்படி ஒரே நாளாகும்?"

 விடிந்தால் வெளிச்சம் வரும் என்பதை ஒருவருக்கு எப்படி விளக்குவது? அந்தப் பெண் அப்படி முழித்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். அதுவரை என்னைப் பார்த்ததே இல்லை.

"ஐயா, நீங்கள் சொல்லுங்கோ" என்றாள்.

அதையும் மொழிபெயர்த்தேன். "ஐயா, நீங்கள் சொல்லுங்கள்."

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அறையில் பேசிய ஒவ்வொரு சொல்லும் மறுபக்கம் போக வேண்டும். என்னிடம் பேசினாலும் சரி.

மிஸ் ஈவா என்னைப் பார்த்தாள். "உங்களை என்ன சொல்லச் சொல்கிறார்?"

"மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை" என்றேன்.

அவ்வளவுதான். மிஸ் ஈவா எழுதிக்கொண்டாள். கடைசியில் வழக்கமான கேள்வி ஒன்று. "மொழிபெயர்ப்பாளர் பேசியது விளங்கியதா, அவர்மேல் ஏதும் குறை உண்டா?" அந்தப் பெண், "ஓம், விளங்கினது, குறை ஒண்டும் இல்லை" என்றாள். பைலில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். குறை இல்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். நீங்கள் என்னடாவென்றால் மொழிபெயர்ப்பில் குறை என்று பேப்பர் அடித்துக்கொண்டு வருகிறீர்கள்.

என்ன? மூன்று தேதியும் எப்படி ஒரு நாள் என்றா? உங்களுக்கே தெரியாதா? வீட்டில் யாரும் திதி கொடுப்பதில்லையா?

செத்தவருக்கு இங்கிலீஷ் தேதி எதற்கு? திதிதான் நாள். அவள் புருஷன் போனது ஆவணி, தேய்பிறைப் பிரதமை. பௌர்ணமிக்கு அடுத்த திதி. அவர்கள் ஊரில் திவசம் என்பார்கள். அது இரண்டு மூன்று வருஷம் இங்கிலீஷ் காலண்டரில் பத்துப் பதினோரு நாள் முன்னால் முன்னால் வரும், பிறகு பின்னால் தள்ளிப் போகும். அவன் இறந்த வருஷத்தில் செப்டம்பர் ஒன்பது. மறுவருஷம் ஆகஸ்ட் முப்பது. அதற்கு அடுத்த வருஷம் ஆகஸ்ட் பத்தொன்பது. குருக்கள் பஞ்சாங்கம் பார்த்துத் துண்டுக் காகிதத்தில் தேதி எழுதிக் கொடுப்பார். அவள் கோயிலுக்குப் போய் மோட்ச விளக்கு ஏற்றுவாள். புருஷன் செத்த நாள் எது என்றால், கடைசியாக விளக்கு ஏற்றிய தேதிதான் அவள் வாயில் வரும். ஜனவரியில் கேட்டால் ஒன்று, அக்டோபரில் கேட்டால் ஒன்று. பொய் சொல்கிறவள் ஒரே தேதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. பதினோரு நாள் என்று கணக்குப் போட்டதுமே. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

எழுதாதீர்கள். நான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன், வாக்குமூலம் கொடுக்கவில்லை.

எனக்குத் தெரியாமல் இருக்குமா? போன மாதம்தான் என் மனைவிக்குத் திதி. மாசி, வளர்பிறைச் சப்தமி. ஆறு வருஷமாகக் கொடுக்கிறேன், ஒரு வருஷம் தவறியதில்லை.

இங்கிலீஷ் தேதியா? அவள் இறந்த தேதி... மார்ச் ஆரம்பம். இல்லை, பிப்ரவரி. சான்றிதழில் இருக்கும். அலமாரியில், மேல் தட்டில். எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கும் இதற்கும் என்ன? என்னை யாரும் விசாரிக்கவில்லையே.

எங்கே விட்டேன்? ஆம். ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். யோகராணியும் கேட்டாள்.

விசாரணை முடிந்து இரண்டு வாரம் இருக்கும். செந்தூல் கடையில் நான் எட்டு வருஷமாக மத்தியானச் சாப்பாடு. பின்கட்டில் யார் தட்டுக் கழுவுகிறார்கள் என்று யார் பார்க்கிறார்கள்? அன்றைக்கு இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனேன். அவள் அங்கே நின்றாள். முழங்கைவரை சோப்பு நுரை.

"ஐயா, உங்களுக்கு விளங்கினதுதானே?" என்றாள்.

நான் குழாய்ப் பக்கம் கையை நீட்டினேன். வெளியே பேசக் கூடாது என்பது விதி.

"அந்தப் பிள்ளைக்குத் திவசம் தெரியாது. வெள்ளைக்காரப் பிள்ளை. உங்களுக்குத் தெரியுந்தானே? ஏன் சொல்லேல்லை?"

"அது என் வேலை இல்லை, அம்மா" என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் முதலாளியைக் கூப்பிட்டிருப்பேன். குழாயைத் திறந்து எனக்குக் கை கழுவ விட்டாள். பக்கத்துக் கொடியில் இருந்த துண்டை எடுத்து நீட்டினாள். நான் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன். அன்றோடு அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். எட்டு வருஷக் கடை. இப்போது பக்கத்துத் தெருவில் சாப்பிடுகிறேன். ரசம் வெறும் புளித் தண்ணீர். விதிக்காக நான் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மறுப்புக் கடிதம் வந்தது எனக்குத் தெரியாது. நீங்கள் போனில் சொல்லித்தான் தெரியும். என்ன எழுதியிருக்கிறார்கள்? படியுங்கள்.

"முக்கியமான நிகழ்வின் தேதி பற்றிய முரண்பாடு. விளக்கம் கேட்டும் தரவில்லை. சான்றிதழின் உண்மைத்தன்மை ஐயத்துக்குரியது."

சரியான சான்றிதழ். இருந்த ஒரே சரியான தேதி அதில்தான் இருந்தது. அதைக் கள்ளச் சான்றிதழ் என்று தள்ளிவிட்டார்கள்.

நல்ல இங்கிலீஷ். மிஸ் ஈவா எழுதியதுதான்.

என்ன சொன்னீர்கள்? செந்தூல் கடையில் இமிகிரேசன் ரெய்டா? அவளையும் பிடித்துவிட்டார்களா? எப்போது? பன்னிரண்டு நாள் ஆகிறதா? இதை ஏன் போனில் சொல்லவில்லை? சொன்னால் வரவே விட மாட்டேன் என்றா? சாமர்த்தியம்தான்.

எந்த டிப்போவில் அடைத்து வைத்திருக்கிறார்கள்? அதுவா. அங்கே பாய் கிடையாது. சிமெண்டுத் தரை. நூறு பேருக்கு இரண்டு குழாய். உள்ளே இருந்தவர்கள் கோர்ட்டில் சொல்லும்போது நான்தானே மொழிபெயர்த்தேன். கொசு என்பார்கள். சொறி என்பார்கள். அதெல்லாம் பதிவில் ஏறாது, மாஜிஸ்திரேட் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். திருப்பி அனுப்புகிற பட்டியலில் பெயர் போட்டுவிட்டார்களா? இன்னும் இல்லையா? அப்பீல் உள்ளே போனால் நிறுத்தி வைப்பார்கள் என்கிறீர்கள். இருக்கலாம்.

அந்தக் குழந்தை?

சமையல்காரர் வீட்டிலா? பெயர் என்ன? துளசிகா. சரி.

சரி, அதை விடுங்கள். நடந்தது வருத்தம்தான். ஆனால் என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? திதி எப்படி நகரும் என்று எந்தக் குருக்களும் எழுதித் தருவார். பஞ்சாங்கத்தின் நகலை இணைத்துவிடுங்கள். நான் எதற்கு?

புரிகிறது. இப்போது யோசித்துக் கட்டிய கதை என்பார்கள். அன்றைக்கே அறையில் அவள் சொல்ல முயன்றாள், என்னைச் சொல்லச் சொன்னாள், அறையில் இருந்த ஒருவனுக்கு விளங்கியது என்றால்தான் நிற்கும். அந்த ஒருவன் நான். அந்த வாதம் எனக்குப் புரிகிறது, நான் கோர்ட்டிலேயே காலம் கழித்தவன்.

ஆனால் நான் குழாய். என்னை யாரும் கேட்கவில்லை.

என்ன? இரண்டு பேர் கேட்டார்களா? யார்?

அவள் கேட்டது கேள்வி இல்லை. மிஸ் ஈவா கேட்டது... மிஸ் ஈவா கேட்டாள். ஆம். அதற்குப் பதில் சொன்னேனே.

அது என்ன புத்தகம்? காட்டுங்கள். இது எங்களுக்குக் கொடுத்த விதிப்புத்தகம். என்னிடமும் ஒன்று இருக்கிறது, பிரிக்காமல். முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவனுக்குப் புத்தகம் எதற்கு? எத்தனாவது விதி? ஒன்பதா? கண்ணாடியை எடுங்கள், அதோ, ரேடியோமேல்.

"வழக்கம், பழக்கம் காரணமாகத் தவறான புரிதல் ஏற்படுவதாக மொழிபெயர்ப்பாளர் கருதினால், அதை அதிகாரிக்குத் தெரிவிக்கலாம்."

"லாம்" என்றுதான் இருக்கிறது. "வேண்டும்" என்று இல்லை. "லாம்" என்றால் விருப்பம். செய்யாவிட்டால் குற்றம் இல்லை.

செய்திருக்கலாம் என்றுதான் நீங்களும் சொல்கிறீர்களா? சரி.

சரி.

இருங்கள். புத்தகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேப்பரைக் கொடுங்கள். பேனா என்னிடம் இருக்கிறது.

முதல் பத்தி, என் பெயர், அடையாள அட்டை எண். சரி. இரண்டாவது, வேலை. முப்பது வருஷம் என்று போட்டிருக்கிறீர்கள். முப்பத்தொன்று. மூன்றாவது, விசாரணை நாள். சரி. நாலாவது. "அவர் என்னிடம் உதவி கோரினார்." தவறு. அவள் உதவி கோரவில்லை. "ஐயா, நீங்கள் சொல்லுங்கோ" என்றாள். அந்தச் சொற்களையே போட வேண்டும். இங்கே எழுதுகிறேன். பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து.

ஐந்தாவது. "மூன்று தேதிகளும் ஒரே திதியைக் குறிக்கின்றன என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஆயினும் நான் அதைத் தெரிவிக்கவில்லை."

இதை அடிக்க வேண்டும்.

இது போனால் பேப்பரில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். இருக்கட்டும். எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது. கோர்ட்டில் போய் வைத்திலிங்கம் யார் என்று கேளுங்கள். ஒரு ஜட்ஜ், என் மொழிபெயர்ப்பு என்றால் இரண்டாம் தடவை கேட்க வேண்டியதில்லை என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார். அந்தக் காகிதத்தை வைத்திருக்கிறேன். இந்த ஐந்தாம் பத்தியைப் படிக்கிறவன் என்ன நினைப்பான்?

பேசாதீர்கள். யோசிக்கிறேன்.

அடிப்பதென்றால் தவறாக இருக்க வேண்டும். முப்பத்தொன்றை முப்பது என்று போட்டீர்கள், தவறு, அடித்தேன். உதவி என்று போட்டீர்கள், தவறு, அடித்தேன். இதில் என்ன தவறு? "அப்போதே." அப்போதேதான். "தெரிந்திருந்தது." தெரிந்திருந்தது. "தெரிவிக்கவில்லை." இல்லை.

ஒரு சொல்லும் கூடவில்லை. ஒரு சொல்லும் குறையவில்லை.

இதை அடித்தால் பொய்யாகிவிடும்.

எங்கே கையெழுத்து? இங்கேயா? ஒவ்வொரு பக்கத்திலும் போட வேண்டும், உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லையா? இந்தாருங்கள்.

நன்றியெல்லாம் வேண்டாம். நான் யாருக்கும் உதவி செய்யவில்லை, பிழை திருத்தினேன். அந்தப் பெண்ணிடமும் என் பெயரைச் சொல்ல வேண்டாம். பேப்பரில் இருக்கிறது, வேண்டுமானால் அவளாகப் படித்துக்கொள்ளட்டும்.

இதனால் கார்டு கிடைக்குமா? தெரியாது. அவர்கள் ஒரு தடவை எழுதியதை மாற்றி நான் அதிகம் பார்த்ததில்லை. டிப்போவில் இருந்து வெளியே விடுவது இமிகிரேசன் கையில், அந்த அலுவலகத்தின் கையிலும் இல்லை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மணி என்ன? மூன்றா? எழுந்திருங்கள். பஸ் வேண்டாம், டாக்சி பிடியுங்கள். நாலுக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே கதவைச் சாத்துவார்கள், எனக்குத் தெரியும்.

என்ன, இன்னும்? அப்பீலில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் வருவேனா என்றா? வருவேன். கேட்டால் சொல்வேன்.

கூப்பிடாவிட்டால்?

கூப்பிடாவிட்டால் எப்படிப் போவது? கூப்பிடாத ஆள் உள்ளே போய் உட்கார்ந்து பேசுவதற்கு வழி உண்டா? அந்தப் புத்தகத்தில் அதற்கு ஏதாவது விதி இருக்கும். டாக்சியில் போகும்போது பாருங்கள். இருந்தால் போன் செய்யுங்கள். இன்றைக்கே.

இல்லாவிட்டாலும் போன் செய்யுங்கள்.